துரைசாணி வரைந்த அம்மா

எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஆனால் மடியில் பிள்ளையோடு நான் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று எங்கோ இருக்கிறது. துரைசாணி ஊருக்குக் கப்பலேறியபோது அதைச் சாக்கில் சுற்றிப் பலகையடித்து எடுத்துப் போனார் என்று கேள்வி. இன்னும் ஏதாவது வீட்டுச் சுவரில் தொங்குகிறதா, கரையான் தின்றுவிட்டதா, எனக்குத் தெரியாது. தொங்கினால், அந்தப் பக்கம் போகிறவர்கள் என்னைப் பார்த்து நல்ல தாய் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த நினைப்பு வந்தால் இந்த வயதிலும் எனக்கு முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

அது மலாயாவில் கம்யூனிஸ்டு காலம். அரசாங்கம் அதற்கு அவசரகாலம் என்று பெயர் வைத்திருந்தது. எங்கள் ரப்பர் தோட்டம் கோல சிலாங்கூரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது. முன்பெல்லாம் லயங்கள், அதாவது ஆட்களின் வரிசை வீடுகள், தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடுவோம் என்று பயந்து, எல்லாரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சுற்றிலும் முள்வேலி போட்டார்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்களை வேலிக் கதவில் நிறுத்திச் சோதித்துத்தான் வெளியே விட்டார்கள். கையில் ஒரு பிடி அரிசி இருந்தாலும் வம்புதான். கடையில் பால் டின் வாங்கினால், கடைக்காரர் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் தருவார். ஓட்டை போட்ட டின்னைக் காட்டுக்குள் கொண்டுபோய் வைத்திருக்க முடியாது அல்லவா, அதற்காக.

எனக்கு வேலை ஆயாக் கொட்டகையில். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டப் போகும் பெண்களின் பிள்ளைகளை அவர்கள் திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளும் கொட்டகை அது. கூரை உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தூளிகள் தொங்கும். ஒன்றை ஆட்டி முடிப்பதற்குள் இன்னொன்று அழும். கல்யாணமாகிச் சில வருஷமாகியும் எனக்குப் பிள்ளை இல்லை என்பதால், என்னை அந்த வேலைக்குப் போட்டபோது லயத்துப் பெண்களில் பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். பிள்ளை இல்லாதவள் கண் பொல்லாதது என்று எனக்குக் கேட்கும்படியாகவே பேசினார்கள். குழாயடியில் நான் குடத்தை வைத்தால் சிலர் தங்கள் பிள்ளையை மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றுவார்கள். அதையெல்லாம் பார்க்காத மாதிரி இருக்கக் கற்றுக்கொண்டிருந்தேன்.

எனக்காகப் பேசியவள் பக்கத்து வீட்டு அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. நான் வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டுப் பழகியவள். அவளுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக வந்தது ஒரு பெண் குழந்தை. அதைத் தரையில் விடாமல் வளர்த்தாள். அப்படிப்பட்டவள்தான் குழாயடியில் எல்லாரும் இருக்கும்போது சத்தமாகச் சொன்னாள்:

"பெத்தவளுக்குத் தன் புள்ள மட்டுந்தான் கண்ணுக்குத் தெரியும். இவளுக்கு எல்லாப் புள்ளையும் தெரியும். எம்புள்ளைய மொதல்ல இவகிட்டதான் விடப் போறேன். இஷ்டமில்லாதவ முதுகுல கட்டிக்கிட்டுப் போயி மரம் வெட்டுங்கடி."

மறுநாளே தன் பிள்ளையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள். நான் அந்த வேலையில் நிலைத்தது அவள் போட்ட பிச்சை என்று சொன்னால் அதில் மிகை இல்லை. பிள்ளையும் என்னிடம் ஒட்டிக்கொண்டது. பசித்தால்தான் அம்மாவைத் தேடும். மற்றபடி என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஊரையே வேடிக்கை பார்க்கும். அக்காவின் கண்ணுக்கு முன்னால் அது அப்படிச் சாயும்போது நான் சட்டென்று அதை நிமிர்த்திப் பிடிப்பேன்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவியை நாங்கள் துரைசாணி என்போம். முன்பு குதிரையில் சுற்றியவர். சாலையில் துரைமார் காரைச் சுட ஆரம்பித்த பிறகு பங்களாவையும் வேலியையும் தாண்டிப் போக முடியாமல் அடைந்து கிடந்தார். ஆறு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். இங்கே உயிருக்கு ஆபத்து என்று அவனைக் கப்பலில் ஏற்றி அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர் படம் வரைய ஆரம்பித்தார். முதலில் மரங்களை வரைந்தார், அப்புறம் மாடுகளை வரைந்தார், அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார்.

ஒருநாள் வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் குடையும் கையுமாகக் கொட்டகைக்கு வந்தார். பின்னால் எங்கள் கிராணி. ஆபீஸ் வேலை, துரைக்கு மொழிபெயர்ப்பது, எங்களை அதட்டுவது மூன்றும் அவர் பொறுப்பு. நான் வாசற்படியில் அக்காவின் குழந்தையை மடியில் போட்டுத் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். துரைசாணி நின்று பார்த்தார். கிராணியிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். கிராணி என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், "யெஸ் மேடம்" என்றார்.

துரைசாணி நாலடி நகர்ந்ததும் கிராணி என்னிடம் குனிந்தார். "ஒரு அம்மாவையும் புள்ளையையும் படம் போடணுமாம். நீயும் இதுவும் அவங்களுக்குப் புடிச்சிருக்கு. நாளையிலேருந்து பங்களாவுக்கு வா. மத்த புள்ளைகள ஒரு கெழவி பாத்துக்கட்டும்."

"ஐயா, இது எம்புள்ள இல்லீங்களே. பக்கத்து வீட்டு அக்காவோடது."

"அது எனக்குத் தெரியாதா? அவ காட்டுல மரம் வெட்டிக்கிட்டு நிக்கிறா. அவளக் கொண்டாந்து உக்கார வச்சா அவ நெரை மரத்த யாரு வெட்டுறது, நீயா? படத்துல யாரு பெத்ததுன்னு எழுதவா போறாங்க? பேசாம வந்து உக்காரு."

அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. பகல் வெளிச்சத்தில் பிள்ளையை மடியில் வைத்துச் சும்மா உட்கார நேரம் உள்ளவள் தோட்டத்தில் நான் ஒருத்திதான். பெற்றவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் மரத்தடியில் நின்றார்கள். அம்மா படம் வேண்டும் என்றால் பிள்ளை பெறாதவளைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. இந்த வேடிக்கையை அன்றைக்கே யாராவது துரைசாணிக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடிய ஒரே ஆள் கிராணி. அவருக்கு மத்தியானச் சோற்றுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

அன்று சாயங்காலமே அக்காவிடம் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே சிரித்தாள்.

"எம்மூஞ்சிய வரையணும்னா அவங்க சாயம் பத்தாது லா. கறுப்புச் சாயம் இன்னொரு டின் வாங்கணும். நீயே போயி உக்காரு தங்கச்சி. புள்ளைய வெயில்ல வைக்காத. கன்னத்துல பொட்டு வச்சிக் கொண்டுபோ. வெள்ளக்காரிக் கண்ணும் கண்ணுதான்."

அவள் சிரித்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அடுப்பிலிருந்து அவள் திரும்பவில்லை என்பதையும் கவனித்தேன்.

பங்களாவின் பின்பக்கம் புல்லைச் சுரண்டி எடுத்து, எனக்காகவே ஒரு பாய் அகலத்துக்கு மண்ணைக் கொத்திப் போட்டிருந்தார்கள். அதில் என்னைக் காலை மடக்கி உட்காரச் சொன்னார்கள். இடது கையில் பிள்ளை. வலது கையில் ஒரு பிடி மண். எந்த ஊரில் எவள் பிள்ளையை ஒரு கையிலும் மண்ணை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள்? பிள்ளைக்கும் அது புரியவில்லை. அது என் வலது கையைப் பிடித்து இழுத்து மண்ணை வாயில் போட்டுக்கொண்டது. நான் விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். துரைசாணி சிரித்துவிட்டு மறுபடியும் மண்ணை அள்ளி என் கையில் வைத்தார். தாய்க்கும் மண்ணுக்கும் உள்ள உறவைக் காட்டும் படம் இது என்று கிராணி விளக்கம் சொன்னார். அவர் நிழலில் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்து துரைசாணி குனிந்து குழந்தையின் கன்னத்தைக் கூர்ந்து பார்த்தார். தன் கைக்குட்டையை எடுத்து, அக்கா சொல்லி நான் வைத்திருந்த மைப்பொட்டை அழுந்தத் துடைத்தார். அழுக்கு என்று நினைத்துவிட்டார். தினமும் அதே கதைதான். நான் பொட்டு வைத்துக்கொண்டு போவேன், அவர் பொறுமையாகத் துடைப்பார், திரும்பி வரும் வழியில் நான் மறுபடியும் வைப்பேன். எங்கள் பிள்ளைகளின் முகத்தை நாங்கள் கழுவுவதே இல்லை என்று அவர் முடிவு கட்டியிருக்க வேண்டும்.

முதல் சில நாள் எனக்குக் கால் மரத்துப் போனதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. அதற்கு முன்னால் என்னை யாரும் படம் பிடித்ததென்றால் அது அடையாளக் கார்டுக்கு எடுத்ததுதான். அதில் திருடி மாதிரி இருப்பேன். போகப் போக எனக்கே தெரியாமல் ஒரு மாற்றம் வந்தது. காலையில் தலையை வழித்து வாரினேன். பெட்டியில் இருந்த கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டினேன். கிராணி கேலியாக "என்ன அம்மாக்காரி, கெளம்பலாமா?" என்று கூப்பிட்டால் கோபம் வரவில்லை. அந்தப் பங்களாவின் பின்பக்கத்தில், சமையல்காரன் முதல் துரை வரை, என்னைத் தாய் என்று நினைத்துத்தான் பார்த்தார்கள். துரைசாணி தூரிகையை நிறுத்திவிட்டுச் சில சமயம் என் மடியையே பார்த்துக்கொண்டிருப்பார். மேசைமேல் அவர் பையனின் போட்டோ இருக்கும். என் வாழ்க்கையில் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே பெண்பிள்ளை அவர்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்தப் பிடித்தம் ஒரே நாளில் போனது. அன்றைக்குப் பிள்ளைக்குப் பசி. நான் கொண்டுபோயிருந்த கஞ்சியை துரைசாணி ஓரமாக வைக்கச் சொல்லியிருந்தார். பிள்ளை என் நெஞ்சுப் பக்கம் முகத்தைத் திருப்பியது. மூக்கால் முட்டியது. சேலையை வாயால் கவ்வித் தேடியது. துரைசாணி சட்டென்று எழுந்து, அப்படியே, அப்படியே என்று கையைக் காட்டினார். பிறகு ரவிக்கையைக் காட்டி, கொடு, கூச்சப்படாதே என்று சாடை செய்தார். கிராணி முதுகைத் திருப்பிக்கொண்டு வேலிப் பக்கம் போய்விட்டார். இல்லை, என்னிடம் இல்லை என்று எந்த மொழியில் சொல்வது? எங்கள் மொழியிலேயே அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் முந்தானையால் பிள்ளையின் தலையை மூடி நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன். துரைசாணி அவசர அவசரமாக வரைந்தார். முந்தானைக்குள் பிள்ளை தேடிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் வீறிட்டு அழுதது. அழுகை நிற்கவே இல்லை. எனக்கும் அழுகை வந்தது. துரைசாணி அதையும் தப்பாகத்தான் புரிந்துகொண்டிருப்பார். என் கண்ணைத் துடைக்கத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வந்து பிள்ளையை வாங்கி, வாசலிலேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள். பிள்ளை மூச்சு விடாமல் குடித்தது.

"என்னா இப்படிப் பாயுது? கஞ்சி குடிக்கலியா?" என்றாள்.

"குடிச்சிச்சி. கொஞ்சமாக் குடிச்சிச்சி" என்றேன். அவள் ரவிக்கையில் ரப்பர்ப் பால் காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது. நான் கல்யாணச் சேலையில் நின்றேன். அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் உள்ளே போய்விட்டேன்.

படம் முடிந்ததும் அதை ஆபீஸ் தாழ்வாரத்தில் ஒரு நாற்காலிமேல் வைத்து, பால் நிறுத்து முடித்த ஆட்களையெல்லாம் வந்து பார்க்கச் சொன்னார் துரை. வேலிக்குள் அடைத்துப் போட்டதில் எல்லாருக்கும் உள்ளே புகைந்துகொண்டிருந்தது. இப்படி ஏதாவது செய்தால் மனசு குளிரும் என்று நினைத்தார்களோ என்னவோ. என்னை முன்கூட்டியே வரச் சொல்லிப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அப்போதுதான் நானும் அதை முழுதாகப் பார்த்தேன்.

அழகான படம். அதை மறுக்க மாட்டேன். என்னை அவ்வளவு அழகாக என் புருஷன்கூடப் பார்த்திருக்க மாட்டான். மண்ணில் உட்கார்ந்து, முந்தானைக்கு வெளியே பிள்ளையின் கன்னம் தெரிய அதற்குப் பாலூட்டிக்கொண்டு, ஒரு கையில் மண்ணை ஏதோ பிரசாதம்போல ஏந்தியிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு தோட்டத்தை வரைந்திருந்தார். மரவள்ளி, கத்தரி, வேலியில் படர்ந்த அவரை. பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது பழைய லயத்துக்குப் பின்னால் அக்கா போட்டிருந்த தோட்டம். துரைசாணி குதிரையில் சுற்றிய காலத்தில் அதைப் பார்த்திருக்கிறார். வயிற்றில் பிள்ளையோடு தண்ணீர் சுமந்து அக்கா வளர்த்த தோட்டம் அது. லயத்தை மாற்றியபோது, காட்டுக்காரர்கள் பறித்துத் தின்பார்கள் என்று சிப்பாய்கள் அதை வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். அன்றைக்கு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து அழுதாள். துரைசாணி அதை மறுபடியும் பச்சைப் பசேலென்று நட்டு, நடுவில் என்னை உட்கார வைத்திருந்தார். பிள்ளை அக்காவுடையது, தோட்டம் அக்காவுடையது. என்னுடையது என்று அதில் முகம் மட்டும்தான் இருந்தது.

ஆட்கள் வந்து நின்றார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு குணம் உண்டு: குழாயடியில் கிழிகிழியென்று கிழிப்பார்கள், ஆபீஸ் வாசலில் ஊமையாகிவிடுவார்கள். துரைசாணி பேசினார். கிராணி தமிழில் சொன்னார்: "இந்த மண்ணுல ஒழைச்சி, இந்த மண்ணுலயே புள்ளைய வளக்குற தாய்க்கு மரியாதை பண்ணத்தான் இந்தப் படம்னு சொல்றாங்க." பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்து, அதை இருமலாக மாற்றினாள்.

பிறகு எனக்குப் பரிசு கொடுத்தார்கள். குழந்தைக்கு என்று ஒரு பால் டின். துரைசாணி கொடுப்பதானாலும் சட்டம் சட்டம்தானாம். கிராணி அதற்கு ஆணியால் ஓட்டை போட்டே கொண்டுவந்திருந்தார். வாங்கிய அவசரத்தில் சாய்த்துப் பிடித்துவிட்டேன். கெட்டிப் பால் மெதுவாக வழிந்து விரலெல்லாம் பிசுபிசுத்தது. அத்தனை பெண்கள் முன்னால், கையில் பால் வழிய நின்றுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் அக்கா வந்தாள். ரப்பர்க் காட்டிலிருந்து நேராக வந்து, கொட்டகையில் கிழவியிடம் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள். அவளுக்குப் படத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். துரைசாணிக்குப் பிள்ளையைக் கண்டதும் முகம் மலர்ந்தது. யாரோ தோழி பிள்ளையைத் தூக்கி வந்திருக்கிறாள் என்று நினைத்தார். அவளிடம் என்னைக் காட்டி, கொடு, அம்மாவிடம் கொடு என்று கையால் சொன்னார்.

அக்கா அசையவில்லை. நானும் அசையவில்லை. பிள்ளைதான் அசைந்தது. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, அக்காவின் இடுப்பிலிருந்து என் பக்கம் பாய்ந்தது. பகலெல்லாம் என்னோடு இருக்கும் பிள்ளை, வேறென்ன செய்யும்? துரைசாணி கை தட்டினார். துரையும் தட்டினார். அக்கா பிள்ளையை என் கையில் கொடுத்தாள். என் கை பிசுபிசுவென்றிருந்ததை அவள் பார்த்தாள்.

அதற்குப் பிறகு படத்தின் பக்கம் திரும்பினாள். நிதானமாகப் பார்த்தாள். தன் தோட்டத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையின் முகத்துக்கு வந்ததும் அவள் நெற்றி சுருங்கியது. "பொட்டக் காணோம்" என்றாள், தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல. என்னிடம் வந்து, என் கையிலிருந்த பிள்ளையின் கன்னத்துப் பொட்டில் கட்டை விரலை வைத்து மையைத் தொட்டு எடுத்தாள். நேராகப் போய், துரைசாணி வரைந்த பிள்ளையின் கன்னத்தில் அதே இடத்தில் வைத்து அழுத்தினாள்.

கிராணி போட்ட சத்தத்தில் பிள்ளை அதிர்ந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. "அறிவிருக்கா உனக்கு? எத்தன நாள் வேல அது? வேலய விட்டுத் தூக்கிருவாங்க, தெரியுமா?" அது வெறும் மிரட்டல் இல்லை. வேலையிலிருந்து நீக்கினால் வீடு போகும், அரிசிக் கார்டு போகும், வேலிக்கு வெளியே தனியாக நிற்க வேண்டும். வேலிக்கு வெளியே நிற்கும் ஆளைச் சிப்பாய்கள் யாரென்று கேட்டுவிட்டுச் சுடமாட்டார்கள்.

துரைசாணி கையை உயர்த்திக் கிராணியை நிறுத்தினார். அவர் கோபப்படவில்லை. படத்தைப் பார்த்தார், பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தார், அக்காவின் கட்டை விரலைப் பார்த்தார். இத்தனை நாள் தான் துடைத்துத் துடைத்து எறிந்தது அழுக்கு அல்ல என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கிராணியை விட்டுவிட்டு, சமையல்காரனிடம் பேசும் பசார் மலாயில் எங்களையே நேராகக் கேட்டார்.

"இனி அனாக் சியாப்பா?" இது யாருடைய பிள்ளை?

அந்த அளவு மலாய் எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அக்காவைக் காட்டி, "டியா பூஞா" என்றேன். அவளுடையது. ஆனால் என் குரலோடு சேர்ந்தே இன்னொரு குரலும் வந்தது. அக்கா என்னைக் காட்டிக்கொண்டிருந்தாள். "டியா பூஞா" என்றாள் அவளும்.

நான் இல்லை இல்லை என்று தலையாட்டினேன். "புக்கான், டியா பூஞா." அவள் என்னைவிடச் சத்தமாக, "டியா பூஞா அனாக், டியா!" என்றாள். ஒரு பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு, இரண்டு பெண்கள் உன்னுடையது உன்னுடையது என்று சண்டை போட்டோம். ஒரு ஆளாவது உண்மையைச் சொல்வார்கள் என்று பார்த்தேன். ஆபீஸ் வாசல் அல்லவா, எல்லாருக்கும் காலடி மண்ணைப் பார்க்கவே நேரம் போதவில்லை.

துரைசாணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் பிள்ளையைப் பார்த்தார். அது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. துரைசாணியின் முகம் தெளிந்தது. படத்தில் இருப்பது சரிதான் என்று ஆனதில் அவருக்கு நிம்மதி. அக்காவைப் பார்த்துப் பரவாயில்லை என்பதுபோலச் சிரித்துவிட்டு, கைக்குட்டையை எடுத்துப் படத்தின் கன்னத்தைத் துடைத்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பிள்ளையை நான்தான் தூக்கி வர வேண்டியிருந்தது. தாழ்வாரத்தில் துரைசாணி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எனக்குப் பின்னால் நடந்து வந்தாள், யாரோ கூட வருகிறவள் மாதிரி. லயத்து முனை திரும்பியதும் நின்று, பிள்ளையை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குள் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுக்க ஆரம்பித்தாள். நான் வாசலில் டின்னோடு நின்றேன். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"ஏங்க்கா அப்படிச் சொன்ன?" என்றேன். "நாந்தான் உண்மையச் சொன்னேனே. நீதான் பெத்தவன்னு தெரிஞ்சா உன்ன மன்னிச்சிருப்பாங்க லா."

"என்ன மன்னிப்பாங்க. உன்ன?" அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே பேசினாள். "இத்தன நாளும் பொய்யா வந்து உக்காந்தான்னு உன்னத்தான் தூக்குவாங்க. கிராணி வாயத் தொறப்பானா? எல்லாத்தையும் உன் தலையிலதான் போடுவான். நீ போயிட்டா கொட்டகையில வேற எவளையாவது போடுவாங்க. எவகிட்ட நம்பி எம்புள்ளைய விட்டுட்டுப் போவேன்?"

அவளுக்குக் கோபம் வந்து என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டு வாங்கி எனக்குப் பழக்கம். இதை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியவில்லை. பெற்ற பிள்ளையை ஊர் பார்க்க விட்டுக்கொடுத்துவிட்டு வந்து, அதைக் கறிக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். படத்தில் அம்மாவாக உட்கார்ந்தவள் நான். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பிள்ளை குடித்து முடித்து, அவள் மடியில் அப்படியே தூங்கிப் போனது. அக்கா அதன் கன்னத்தில் மிச்சமிருந்த மையை விரலால் சரி செய்தாள். பிறகு அவள் முகம் கோணியது. பிடுங்கிப் போட்ட தோட்டத்தின் முன்னால் அழுத பிறகு அவள் கண்ணில் தண்ணீரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"கையக் கைய நீட்டிக்கிட்டு உங்கிட்டப் பாயுது தங்கச்சி" என்றாள். "அத மட்டுந்தான் எனக்குத் தாங்க முடியல."

வெள்ளென ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அக்கா போகுமுன் நான் போய்ப் பிள்ளையை எடுத்துவருவது வழக்கம். தூக்கம் கலையாமல் எடுக்க வேண்டும் என்பதற்காக மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வேன். தூங்கும் பிள்ளையானால் தூளியில் போட்டுவிடலாம், எனக்கும் வேலை சுலபம். அதில் நான் கைதேர்ந்தவள் என்று லயத்தில் பேர் வாங்கியிருந்தேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளையிலேருந்து எடுத்துக்கிட்டுப் போறப்போ எழுப்பிடு" என்றாள். "அழுதா அழுவட்டும். எம்மூஞ்சியப் பாத்துட்டுப் போவட்டும்."

சரி என்றேன். மறுநாள் விடியற்காலையில் போய்ப் பிள்ளையை உலுக்கி எழுப்பினேன். அது கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, அழுதுகொண்டே என் பக்கம் கையை நீட்டியது.